கேட்டால் கிடைக்காத கயிறு

பவுடர் ஆற்றின் இந்தக் கரையில் வெர்லின் ஸ்ட்ரவுட் கயிற்றைக் கையில் எடுத்தால் கீழே நிற்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கன்றுக் கூட்டத்துக்குள் குதிரையை நடக்கவிடுவான், ஓடவிட மாட்டான். கயிற்றைத் தலைக்கு மேலே சுழற்றும் ஆர்ப்பாட்டமெல்லாம் அவனிடம் கிடையாது. மணிக்கட்டை ஒரு தடவை திருப்புவான். சுருக்கு போய்க் கன்றின் வயிற்றுக்கடியில் விழுந்து நிற்கும். கன்று தன் பின்னங்கால் இரண்டையும் தானே அதற்குள் வைக்கும். கயிற்றைச் சேணத்தின் முன்பக்கம் நிற்கும் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நெருப்புப் பக்கம் இழுத்து வருவான். அங்கே அமுக்கிப் பிடிக்க இரண்டு பேர், சூட்டுக்கோல் வைக்க ஒருவர், ஊசிக்கு ஒருவர், காயடிக்க ஒருவர். அவர்கள் ஒரு கன்றை விட்டு நிமிர்வதற்குள் அடுத்தது காலடியில் கிடக்கும்.

அவன் யார் வீட்டுப் பிள்ளை என்றால், வறட்டு ஓடைப் பக்கம் டாலிவர் வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள் அல்லவா, அதில் கடைசிப் பெண்ணின் மகன். மூத்தவள் தபால்காரனைக் கட்டிக்கொண்டாள். நடு மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ரயில் ஏறிப் போனவள்தான். கடைசியானவள் கிணறு தோண்டுகிறவன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் தோண்டின கிணற்றிலெல்லாம் உப்புத் தண்ணீர். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று, மீசை அரும்பும் வயதில் வெர்லின் தோளில் ஒரு சேணத்தோடு, குதிரை இல்லாமல், கஸ் ஹேவர்கேம்ப்பின் பண்ணைக்கு வேலை கேட்டு நடந்தே வந்தான்.

கஸ்ஸுக்கு லியோட்டா ஒரே மகள். ஆண் வாரிசு இல்லை.

வசந்தத்தில், எந்த வீட்டுக் கன்று என்று தெரிய வீட்டுக் குறியால் சூடு போடும் நாளன்று சுற்று வட்டாரமே ஒரு பட்டியில் கூடும். கூலி கிடையாது. இன்றைக்கு உன் கன்று, அடுத்த வாரம் என் கன்று. அமுக்கிப் பிடிக்க யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் குதிரைமேல் உட்கார்ந்து கயிறு போடுவது யார் என்பதை அந்த வீட்டுத் தலைவர்தான் சொல்வார். அதைக் கேட்டு வாங்கக் கூடாது. குதிரைக்குச் சேணம் கட்டி, வேலி ஓரமாய் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலைவர் மோவாயை ஆட்டினால் உள்ளே போகலாம். ஆட்டாவிட்டால் இறங்கி வந்து கன்றின் காலைப் பிடிக்க வேண்டியதுதான். கஸ் வெர்லினைப் பல வருஷம் புழுதியில் புரளவிட்டு, ஒரு மே மாதக் காலையில் மோவாயை ஆட்டினார். அந்தக் கதையை வெர்லின் சாப்பாட்டு மேசையில் சொல்லாத வருஷமில்லை.

"கல்யாணத்தன்னிக்கு நான் என்ன கலர்ல கவுன் போட்டிருந்தேன்னு கேளுங்க, முழிப்பான்," என்பாள் லியோட்டா. "அன்னிக்கு ஏறுன குதிரையக் கேளுங்க, அதோட அம்மா பேரு வரைக்கும் சொல்வான்."

கயிறு கிடைத்த பிறகு மகளும் கிடைத்தாள். கஸ் பக்கவாதத்தில் விழுந்த பிறகு நிலமும் மாடும், வளைவுக்கடியில் ஒரு கோடு என்ற அந்த வீட்டுக் குறியும் லியோட்டாவோடு சேர்ந்து வெர்லினிடம் வந்தன. முதலில் மெர்னா பிறந்தாள், இரண்டு வருஷம் விட்டு கிளிஃப்டன்.

மெர்னா நடக்கப் பழகினதே கயிறு பிடித்துத்தான் என்று சொல்லலாம். வேலிக் கம்பத்துக்குச் சுருக்கு, கோழிக்குச் சுருக்கு, நாய்க்குச் சுருக்கு. தேவாலயத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தம்பியைப் பின்னங்காலில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு முற்றத்தில் இழுத்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினாள். கிளிஃப்டனுக்கு இதெல்லாம் ஆகாது. அவனுக்கு என்ஜின் போதும். உழவு டிராக்டரின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். மாட்டைக் கண்டால் அவனுக்கும் சிரிப்பில்லை, மாட்டுக்கும் சிரிப்பில்லை.

மேய்ச்சலில் ஏதாவது ஒரு மாட்டுக்குக் கண் புண், கால் புண் என்றால் வெர்லின் மகளைத்தான் கூட்டிக்கொண்டு போவான். அங்கே அப்பாவும் மகளும்தான். அவள் தலைக்குப் போடுவாள், இவன் காலுக்குப் போடுவான். சில நாள் மாற்றியும் போடுவார்கள். "நல்லா விழுந்துச்சு," என்பான். அந்த இரண்டு சொல்லுக்காக அவள் பனியிலும் வெயிலிலும் பின்னாலேயே போனாள்.

ஆனால் சூடு போடும் நாளன்று அவள் கையில் வாளி. காயடித்த கொட்டைகளைப் போட்டு வைக்கும் வாளி. மத்தியானத்துக்கு அதைத்தான் மாவில் புரட்டி வறுப்பார்கள். பால் பல் விழுந்த வயதில் அந்த வேலை அவளுக்கு வந்தது. வெட்டுகிறவன் பின்னால் வாளியோடு நிற்க வேண்டும். நாய் வந்தால் விரட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் பொடிசுகளுக்கு அந்த வேலைதான், யாரும் தவறாக நினைப்பதில்லை. மற்ற பொடிசுகள் வளர்ந்தார்கள், வாளி கைமாறியது. மெர்னா வளர்ந்தாள், வாளி மாறவில்லை.

"அப்பா, இந்த வருஷமாவது நான் உள்ள போறேனே?" என்று ஒவ்வொரு வசந்தத்துக்கும் முன்னால் வீட்டுக்குள் கேட்பாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்," என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, வேறு ஏதோ நினைத்துக்கொண்டே சொல்வான்.

அவளுக்குப் பத்தொன்பது நடந்த வருஷம், ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரையை அவளே பழக்கி எடுத்தாள். குளிர்காலம் முழுக்க அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். கயிறு கொம்பில் ஏறின உடனே பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும், மறுமுனையில் எது இழுத்தாலும் விடக் கூடாது. மரக்கட்டையைக் கட்டி இழுத்து, டிராக்டர் சக்கரத்தைக் கட்டி இழுத்து, அந்தக் குதிரை கல் தூண் மாதிரி நிற்கப் பழகிவிட்டது.

சூடு போடும் நாள் காலை. அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்துவிட்டார்கள். வெர்லினின் நெடுநாள் கூட்டாளி ஐக் டன்லப்பும் வந்திருந்தான். ஐக்குக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. கொம்பில் சுற்றும்போது விரல் கயிற்றுக்கடியில் மாட்டிப் போனது. "கையுறைல ஒரு வெரல் மிச்சம்," என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கயிறு போடுகிற ஆண்களுக்கு அது ஒரு பதக்கம் மாதிரி.

மெர்னா சாம்பல் குதிரைக்குச் சேணம் கட்டி வேலியோரம் நின்றாள். வெர்லின் மோவாய் ஐக் பக்கம் ஆடியது. அடுத்து பக்கத்துப் பண்ணைக்காரன் பக்கம். மூன்றாவது ஆளுக்கு இடமிருந்தது. அவன் கண் அவளைத் தாண்டிப் போனது.

அப்போதுதான் அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் போடறேன்."

யாரோ ஒருவன் தொண்டையைச் செருமினான். வெர்லினுக்குக் காது சிவந்தது. கேட்டவள் மகளாகப் போனதில் அவனுக்கு இரண்டு மடங்கு அவமானம். திரும்பி, நெருப்பை ஊதிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தான்.

"கிளிஃப்டன், வா. ஏறு."

"எனக்கு வேண்டாம்பா. அவ ஏறட்டும்."

"ஏறுடான்னா."

"குதிர அவளோடது."

"குதிரைக்குத் தீனி யாரு போடறது? ஏறு."

மெர்னா கடிவாளத்தைத் தம்பி கையில் கொடுத்தாள். வாளி இருந்த இடத்துக்குப் போய் அதை எடுத்துக்கொண்டாள். கடிவாளத்தைக் கொடுக்கும்போது, "கட்டவெரல மேல தூக்கி வெச்சுக்கோ," என்று மட்டும் சொன்னாள்.

கிளிஃப்டன் வீசின முதல் சில சுருக்குகள் வெறும் புழுதியைப் பிடித்தன. கீழே இருந்தவர்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். "தம்பி, கன்னு அந்தப் பக்கம் இருக்கு." "அவனுக்கு ஸ்பேனர் குடுங்கப்பா." அவனும் சிரிக்கப் பார்த்தான். கன்றுகளுக்கு நடுவே போன வருஷச் சூட்டுக்குத் தப்பிப்போன காளை ஒன்று நின்றது, ஒரு வயது தாண்டினது. அதைத் தொடாதே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெர்லின் காலையிலேயே சொல்லியிருந்தான். கிளிஃப்டன் ஒரு கன்றுக்குத்தான் வீசினான். கன்று விலகியது, சுருக்கு காளையின் கழுத்தில் விழுந்தது. காளை பாய்ந்தது. கயிற்றை விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இத்தனை பேர் பார்க்க ஒரு தடவையாவது விழுந்த கயிற்றை அவனுக்கு விட மனம் வரவில்லை. அவசரமாய்க் கொம்பில் சுற்றினான். குதிரை, மெர்னா சொல்லிக்கொடுத்த மாதிரியே, பின்னால் சாய்ந்து கல்லாய் நின்றது.

அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான். அதன் பிறகு சேணத்தைப் பார்த்தான்.

புழுதிக்குள் கைவிட்டுத் துழாவி அறுந்து விழுந்த கட்டைவிரலைத் தேடி எடுத்தவள் மெர்னா. கழுத்துத் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தாள். வெர்லின் மகனைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான். விரலைச் சேர்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போகும் வழியில் வெர்லின் ஒரு வேடிக்கை பேசினான். மகனுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் பேசினான். ஆண்கள் ஐக்கிடம் அப்படித்தான் பேசினார்கள், ஐக் சிரித்தான்.

"இனி ஐக்கோட சங்கத்துல நீயும் ஒரு ஆள்டா. இப்பத்தான் நீ கயிறு போடறவன்."

கிளிஃப்டன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எந்தக் கையால அப்பா நான் இனி ஸ்பேனர் புடிக்கிறது?" என்றான். அதற்குப் பிறகு அப்பாவிடம் அதிகமாகப் பேசவும் இல்லை.

இங்கே பட்டியில் கன்றுகள் கத்திக்கொண்டிருந்தன. தாயைப் பிரித்து அடைத்த கன்றுகளைப் பாதியில் விட்டுப்போக முடியாது. வீட்டுத் தலைவர் இல்லை. எல்லாரும் ஐக்கைப் பார்த்தார்கள். ஐக் விரலில்லாத கையால் தொப்பியைத் தள்ளிக்கொண்டு, மெர்னா பக்கம் மோவாயை ஆட்டினான். அவள் ரத்தம் காயாத சேணத்தில் ஏறி உட்கார்ந்து, பொழுது சாயும்வரை கயிறு போட்டாள். ஒரு கயிறு வீணாகவில்லை. அழுதுகொண்டே போட்டாள் என்று சிலர் சொல்வார்கள், அது புழுதி என்று சிலர் சொல்வார்கள்.

வெர்லின் மகனோடு திரும்பி வந்தபோது ஆட்கள் விருந்து முடித்து, அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"உன் பொண்ணு இருக்காளே," என்று ஐக் ஆரம்பித்தான், "நானெல்லாம் இனி வீட்ல உக்காந்து பின்னல் வேல பாக்கலாம். ஒண்ணு தப்பல வெர்லின்."

எல்லாரும் வெர்லின் முகத்தைப் பார்த்தார்கள். மெர்னாவும் பார்த்தாள். இரண்டே சொல்தான், 'நல்லா விழுந்துச்சு' என்று சொல்லியிருக்கலாம். மகன் கைக்கட்டோடு வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறான். தன் பட்டியில், தான் இல்லாதபோது, இன்னொருவன் மோவாயை ஆட்டியிருக்கிறான். வேலியோரம் ஈ மொய்த்துக் கிடந்த வாளியில் கண் நின்றது.

"வாளிய யாரு கழுவறது?" என்றான்.

அவள் கழுவினாள். கழுவி, கவிழ்த்து வைத்தாள். அந்தக் கோடை முடிவதற்குள் சாம்பல் குதிரையோடு எல்லை தாண்டி வயோமிங் பக்கம் ஒரு பண்ணையில் வேலைக்குப் போய்விட்டாள். கிளிஃப்டன் பில்லிங்ஸ் நகரத்தில் ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தான். நாலு விரலோடு ஸ்பேனர் பிடிக்க அவனுக்கு வெகுநாள் ஆயிற்றாம்.

லியோட்டா சண்டைக்காரி இல்லை. ஒரே ஒரு தடவை, காலியான மேசையில் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு கேட்டாள். "இந்த நெலம் நமக்கு எப்படி வந்துச்சு வெர்லின்? எங்கப்பாவுக்குப் பையன் இருந்தானா?"

"உங்கப்பா கயிற உன் கைலயா குடுத்தாரு? என் கைல குடுத்தாரு."

"ஆமா," என்றாள். "அவரும் ஒரு மடையன்."

அதற்குப் பிறகு அவள் சூடு போடும் நாளில் சமைத்தாள், ஆனால் பட்டிப் பக்கம் வரவில்லை.

மெர்னா அங்கேயே லோவல் ப்ரெவிட் என்று அதிகம் பேசாத ஒருவனைக் கட்டிக்கொண்டு சொந்தமாய் மாடு வைத்தாள். வருஷா வருஷம் அவள் பட்டியில் சூடு போடும்போது லியோட்டா மட்டும் போய்வருவாள். வெர்லினுக்கு அழைப்பு வராது. அக்கம்பக்கத்துச் சூட்டுக்கு ஒரு மனிதனைக் கூப்பிடாமல் விடுவது என்றால், செத்துப்போனவன் கணக்கில் வைத்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். அவள் திரும்பி வந்ததும் சுற்றி வளைத்துக் கேட்பான்.

"எப்படி நடந்துச்சு?"

"பீன்ஸ்ல உப்பு கம்மி," என்பாள் லியோட்டா. அதற்குமேல் வராது.

லியோட்டா காலமான பிறகு வெர்லின் மாடுகளை விற்று, மேய்ச்சலைப் பக்கத்துப் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஊருக்குள் ஒரு சின்ன வீட்டில் குடியேறினான். சேணத்தை மட்டும் விற்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலிமேல் போட்டு வைத்திருந்தான். எழுபதைத் தாண்டிய ஒரு வசந்தத்தில் டெலிபோன் அடித்தது.

"சனிக்கெழம சூடு போடறோம்," என்றாள் மெர்னா. "வர்றதுன்னா வாங்க."

அவன் அன்றைக்கே கயிற்றுக்கு மெழுகு தடவினான். குதிரை கேட்டு ஐக் வீட்டுக்குப் போனான். ஐக் தன் செம்பழுப்புக் குதிரையையும் அதை ஏற்றுகிற டிரெய்லரையும் தந்தான்.

"கயிறு குடுப்பாளா?" என்று கேட்டான் ஐக்.

"குடுக்காமலா கூப்பிடுவா?"

"கொம்புல சுத்தும்போது பாத்து. இந்த வயசுல என் சங்கத்துல ஆள் சேக்கறதில்ல."

மெர்னா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினபோது, சூட்டுக்கோல் காயும் காஸ் அடுப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலை ஒன்று நிமிர்ந்தது. கிளிஃப்டன்.

"நீ எப்படா வந்த?"

"நேத்தே வந்துட்டேன். எப்பவும் வெள்ளிக்கெழமையே வந்துருவேன்."

"எப்பவுமா?"

"வருஷா வருஷம்தான். அம்மா சொல்லலியா?"

உப்புக் கம்மியான பீன்ஸ் வெர்லினுக்கு ஞாபகம் வந்தது. அவன் குதிரையை இறக்கிச் சேணம் கட்டினான். வேலியோரம் போய், முறைப்படி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருந்தான்.

மெர்னாவுக்கு நரை விழுந்திருந்தது. பட்டி நடுவில் நின்று மோவாயை ஆட்டினாள். அச்சு அசலாய் அவள் தாத்தா கஸ் ஆட்டுகிற மாதிரி. பக்கத்துப் பண்ணைப் பெண்பிள்ளை ஒருத்தி உள்ளே போனாள். லோவலின் அண்ணன் போனான். இன்னும் ஒரு நெட்டையன் போனான். நடுக் காலையில் குதிரைகளை மாற்றினார்கள், வேறு மூன்று பேர் போனார்கள். வெர்லின் வேலியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், குதிரையின் காதைப் பார்த்தான். வெயில் ஏறியது. குதிரை கால் மாற்றி நின்று தூங்கியது.

அப்போது மெர்னா நேரே அவனைப் பார்த்து நடந்து வந்தாள். அவன் கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். கிட்டே வந்த பிறகுதான் அவள் கையிலிருந்த வாளியைப் பார்த்தான்.

"அப்பா, கீழ ஒரு ஆள் கொறையுது. இதக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? நாய் வேற தொந்தரவு பண்ணுது."

அவன் இறங்கினான். முழங்கால் மடங்க நேரம் பிடித்தது. வாளியை வாங்கிக்கொண்டு, வாழ்நாளில் யாரிடமும் கேட்காததை, எல்லார் காதிலும் விழ, கேட்டான்.

"மெர்னா, நானும் ஒரு நாலு கன்னு போடட்டுமாம்மா?"

கிளிஃப்டன் அடுப்பைக் குனிந்து பார்த்தான். அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கன்றின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டார்கள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்பா," என்றாள் மெர்னா. குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. இழுத்து வரப்பட்ட ஒரு கன்றின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னோம் என்பது வெர்லினுக்கு அந்த நிமிஷம் உறைத்தது. அவள் வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூட அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

வெட்டுகிறவன் பின்னால் மத்தியானம்வரை வாளியோடு நின்றான். நாயை விரட்டினான். சாப்பாட்டில் வயதில் மூத்தவன் என்று முதல் தட்டை அவனுக்குத்தான் கொடுத்தாள் மெர்னா. வறுவலை அவளே போட்டாள். பீன்ஸில் உப்பு சரியாகவே இருந்தது. எல்லாரும் உள்ளே இருந்தபோது அவன் வெளியே வந்து குழாயடியில் வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். லோவல் பார்த்துவிட்டு, "அது எதுக்கு மாமா, நாங்க கழுவறதே இல்ல, குழாயத் தொறந்து விட்டுருவோம்," என்றான்.

பொழுதோடு ஐக் வீட்டுக்குக் குதிரையைக் கொண்டுவந்து விட்டான். ஐக் வாசலுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன, கயிறு குடுத்தாளா?"

"குடுத்தா," என்றான் வெர்லின். "ரெண்டு சுத்து போட்டேன். ஒண்ணு ரெண்டுதான் தப்புச்சு."

ஐக் சேணத்தைக் கழற்ற உதவினான். அடியில் போட்டிருந்த கம்பளியை எடுக்கும்போது அவன் கை குதிரையின் முதுகில் ஒரு தரம் போய் நின்றது. கயிறு போட்டு இழுத்த குதிரைக்கு அந்த இடம் வியர்வையில் ஊறிப்போயிருக்கும், உப்புப் பூத்திருக்கும். முதுகு காய்ந்திருந்தது, காலையில் வாரிவிட்ட வாரல்கூடக் கலையவில்லை. ஐக் கம்பளியை மடித்து வேலியில் போட்டான்.

"நல்லது," என்றான். "நல்ல குதிர."

அதற்கடுத்த வசந்தத்திலும் மெர்னா கூப்பிட்டாள். வெர்லின் போனான். குதிரை கேட்டு ஐக்கிடம் வரவில்லை.